இடுப்பளவு தண்ணீரில் ஓர் ‘இல்லை’

“சிஸ்டர் ஞானசெல்வி, யாருடைய கட்டாயமும் இல்லாமல், உங்கள் சொந்த விருப்பத்தோடுதான் இந்த ஞானஸ்நானத்தை எடுக்கிறீர்களா?”

பாஸ்டர் எபனேசர் இதைக் கேட்டபோது நான் கும்பளங்கிக் காயலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். காலை வெயில் கண்ணில் அடித்தது. உப்பும் சேறும் கலந்த வாடை. காலுக்கடியில் வழுவழுவென்று ஏதோ நகர்ந்தது. குனிந்து பார்க்க வழியில்லை. பாஸ்டரின் ஒரு கை என் பிடரியில் இருந்தது, மறு கை நெஞ்சுக்கு மேல் கோத்து வைத்திருந்த என் கைகளைப் பிடித்திருந்தது.

எனக்கு முன்னால் ஐந்து பேர் முழுகி எழுந்துவிட்டார்கள். ஐந்து பேரிடமும் இதே கேள்விதான். ஐந்து பேரும் “ஆமென்” என்றார்கள். கரையில் சபையார் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே என் வீட்டுக்காரர் தங்கராஜ், தோளில் புதுத் துண்டோடு, கல்யாண மாப்பிள்ளையைப் போல நின்றார். மாப்பிள்ளையாக நின்ற அன்றுகூட அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம் இல்லை.

நானும் “ஆமென்” சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். வந்தது வேறு.

“இல்லீங்க பாஸ்டர்.”

பாவம், அவர் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. என் ‘இல்லை’ அவர் காதில் ஏறுவதற்குள் அவர் கை என்னைப் பின்னால் சாய்க்கத் தொடங்கிவிட்டது. பாதி சாய்த்தபடி அவர் நின்றார், பாதி சாய்ந்தபடி நான் நின்றேன். தலைமுடியின் நுனி மட்டும் தண்ணீரில் நனைந்தது. இந்தப் பாதி முழுக்கு கணக்கில் சேருமா சேராதா என்று எங்கள் சபையில் பிற்பாடு ஒரு மாதம் விவாதம் நடந்தது.

பாஸ்டர் என்னை நிமிர்த்தி நிறுத்தினார். அவர் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், மெதுவாகப் பேசுவார். “சிஸ்டருக்குக் கேள்வி விளங்கலியோ? ஒருக்கா கூடி கேக்கேன்.”

“விளங்குச்சு பாஸ்டர். சொந்த விருப்பமான்னு கேட்டீங்க. இல்ல. என் பேரக் குடுத்தது அவிய.” கரையைக் கையால் காட்டினேன்.

பாட்டு நின்றது. கைதட்டிக்கொண்டிருந்த ஒருத்தி மட்டும் கவனிக்காமல் இன்னும் இரண்டு தட்டு தட்டினாள்.

எனக்கு அடுத்து வரிசையில் நின்றவர் கொத்தனார் அந்தோணி. தேனிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர், வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். “அக்கா, ஒண்ணு முங்குங்க, இல்லன்னா நகருங்க. எனக்கு விருப்பம் நெறையவே இருக்கு. கால்ல நண்டு வேற கவ்வுது,” என்றார்.

நான் நகர்ந்தேன்.

என்னைக் கேட்காமல் நடந்தவை

போன வாரம் இந்தத் தொடரில் என் முதல் தையல் மெஷின் கதையை எழுதியதிலிருந்து, “உனக்கு ஏன் இத்தனை வாய்?” என்று இரண்டு உறவுக்காரர்கள் போன் செய்து கேட்டுவிட்டார்கள். காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

எனக்கு ஏற்கெனவே ஒரு ஞானஸ்நானம் ஆகியிருந்தது. தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில், நான் நாற்பது நாள் குழந்தையாக இருந்தபோது. ஐயர் (எங்கள் பக்கம் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம்) வெள்ளை அங்கி போட்டு, என்னை ஏந்தி, நெற்றியில் தண்ணீர் தெளித்தாராம். நான் உடனே அவர் அங்கியை நனைத்துவிட்டேனாம். எங்கள் அத்தை இதை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்லிச் சிரிப்பாள். அந்த வயதில் ஒரு பிள்ளை வேறு எப்படித்தான் தன் கருத்தைச் சொல்லும்?

அடுத்தது கல்யாணம். அதே கோயில், வேறு ஐயர். “இந்த மனுஷனை உன் புருஷனாக ஏற்றுக்கொள்ளுகிறாயா?” என்று கேட்டார். கேள்வி நல்ல கேள்விதான். நான் யோசிக்க எண்ணித் தலையைக் கொஞ்சம் தூக்கினேன். பின்னால் நின்ற சித்தி இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள் பாருங்கள், “ஆ” என்று கத்திவிட்டேன். ஐயர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

கல்யாணமான மூன்றாம் நாள் மலையாளக் கரையில் மட்டாஞ்சேரி. அரிசிக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. கீழே சுக்கு காய்கிற காரம் ஜன்னல் வழியாக ஏறி மூக்கைப் பிடுங்கும். இவருக்கு பஜாரில் சுமை தூக்கும் வேலை. “இந்த ஊர் பிடிச்சிருக்கா?” என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. பிடித்துப் போயிற்று, அது வேறு விஷயம். ஆனால் கேட்கவில்லை.

இவரும் கெட்டவர் இல்லை. கேட்கும் பழக்கம் இல்லாதவர், அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் மூட்டை தூக்கிய மனுஷன். மூட்டையை யாராவது கேட்டுவிட்டா தூக்குவார்கள்?

கால் தானாகப் படியேறிய கதை

மூட்டைக்கு அடுத்து அவர் தூக்கியது குப்பி. இதை நான் எழுதினால் கோபப்படுவாரோ என்று பார்த்தேன். அவரே சபையில் மாதம் ஒருமுறை எழுந்து நின்று சாட்சியாகச் சொல்கிற கதைதான், எழுதினால் என்ன?

பதினைந்து வருடம் குடித்தார். கிட்டங்கியில் வேலை முடிந்தால் நேரே கள்ளு ஷாப்பு. அங்கிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு சண்டை. நான் மெஷினை மிதித்து, மகள் ஜெபாவை வளர்த்து, அவரையும் வளர்த்தேன்.

ஒருநாள் சாயங்காலம் ஷாப்புக்குப் போகிற வழியில், பழைய இஞ்சிக் கிட்டங்கியின் மாடியிலிருந்து தமிழ்ப் பாட்டு கேட்டிருக்கிறது. எபனேசர் பாஸ்டர் அப்போதுதான் அந்த மாடியை வாடகைக்கு எடுத்துச் சபை தொடங்கியிருந்தார். இவர் படியேறிப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குக் குடிக்கவில்லை. மறுநாளும் குடிக்கவில்லை. ஆறு மாதத்தில் காயலில் முழுகி எழுந்தார். அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு சொட்டு கிடையாது. நான் அழுதேன், ஸ்தோத்திரம் சொன்னேன், அவருக்குப் பிடித்த மத்திக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். எல்லாம் நிஜம்.

ஆனால் திருந்திய மனுஷனோடு குடும்பம் நடத்துவது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. முன்பு சாயங்காலத்தில் மட்டும்தான் தொல்லை. இப்போது விடிகாலையிலேயே பிரசங்கம்.

“நானா போகலட்டி. கர்த்தர் என்னப் பிடிச்சு இழுத்தாரு. என் காலு தானா படியேறிச்சு,” என்பார்.

ஒருநாள் சாயா ஆற்றிக்கொண்டே கேட்டேன். “அப்ப அத்தன வருசம் ஷாப்புக்குப் போனப்பவும் காலு தானாத்தான் போச்சா?”

“அது என் பாவம். நானாப் போனது.”

“கெட்டதுக்குப் போனா உங்க காலு. நல்லதுக்குப் போனா அவரு காலு. நல்லாருக்கே கத! ரெண்டுக்கும் ஒரே செருப்புதான போட்டிருந்தீங்க?”

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பாஸ்டரையே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார், எனக்குப் பதில் சொல்ல. பாஸ்டர் இரண்டு பக்கத்தையும் கேட்டார். நெற்றியைத் தடவினார். “சிஸ்டர், இந்தக் கேள்விக்குப் பெரிய பெரிய படிப்பாளிகளே சண்டை போட்டுத் தனித்தனிச் சபையாப் பிரிஞ்சு போயிருக்காங்க. நாம சாயா குடிச்சிட்டு ஒண்ணா இருப்போம்,” என்றார். எனக்கு அந்த மனுஷனை அன்றைக்குத்தான் பிடித்தது.

வெள்ளை அங்கியும் ஈயக் குண்டும்

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அந்த மாடிக்குப் போவேன். நடுப் பெஞ்சில் உட்காருவேன். பாடுவேன். கடவுளோடு எனக்குச் சண்டை ஒன்றும் கிடையாது. மெஷினில் உட்காரும்போதெல்லாம் அவரோடுதான் பேச்சு, நூல் அறுந்தால் திட்டுவதும் அவரைத்தான். ஆனால் முழுக்கு எடுக்கவில்லை. “எப்ப சிஸ்டர்?” என்று பார்ப்பவர்களெல்லாம் கேட்பார்கள். “வரும்போது வரும்,” என்பேன்.

முழுக்கு எடுப்பவர்களுக்கு வெள்ளை அங்கி தைப்பது மட்டும் நான்தான். அதில் ஒரு நுட்பம் உண்டு. சும்மா தைத்தால் தண்ணீரில் இறங்கியதும் அங்கி குடை மாதிரி மேலே விரியும். பக்தியாக நிற்கிற நேரத்தில் இரண்டு கையாலும் துணியை அமுக்கிக்கொண்டு நிற்க வேண்டி வரும். அதனால் வலைக்குக் கட்டுகிற சின்ன ஈயக் குண்டுகளை வாங்கி, அங்கியின் கீழ் மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிடுவேன். துணி கப்சிப்பென்று காலோடு நிற்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் முழுக்கு எடுப்பவர்களின் பட்டியலை வாசித்தார். “...கொத்தனார் அந்தோணி பிரதர், ஞானசெல்வி சிஸ்டர்.” எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். நானும் என்றேன். யார் இந்த ஞானசெல்வி, புதுசாக யாரும் வந்திருக்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பக்கத்துப் பெஞ்சுக்காரி வந்து கையைப் பிடித்துக் குலுக்கிய பிறகுதான் விளங்கியது.

படியிறங்கும்போது இவரைப் பிடித்துக்கொண்டேன். “இது என்ன வேல?”

“ஒனக்கும் விருப்பம்தானட்டி? சும்மா தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்க. அதான் நானே சொல்லிட்டேன்.”

அதற்குள் இன்னொரு சங்கதியும் இருந்தது. சபைக்கு ஒரு மூப்பர் வேண்டும். மூப்பர் என்றால் பாஸ்டருக்கு அடுத்தபடி, கூட்டத்தை நடத்தலாம், நோயாளிகளைப் பார்த்து ஜெபிக்கப் போகலாம். பாஸ்டர் இவர் பெயரை நினைத்திருந்தார். ஒரே தடங்கல், மூப்பரின் வீட்டில் எல்லோரும் முழுக்கு எடுத்திருக்க வேண்டும் என்பது சபை விதி. மகள் ஜெபா எடுத்துவிட்டாள். பாக்கி நான்.

அவர் ஆசை எனக்குத் தெரியும். ஊரில் அவரை அவர் அப்பாவே உருப்படாதவன் என்றுதான் கூப்பிடுவார். பஜாரில் “ஏய் தங்கராசு, இங்க வா.” அந்த இஞ்சி வாடை மாடியில்தான் முதன்முதலாக ஒருவர் அவரை “பிரதர்” என்றார். அங்கே முன்னால் போய் நிற்க வேண்டும் என்று அந்த மனுஷன் ஏங்கிப் போயிருந்தார். அதைத் தடுக்க நான் யார்? போகட்டும், முழுகிவிட்டு வருவோம் என்று எனக்கும் ஓர் அங்கி தைத்தேன். வழக்கத்தைவிட நாலு குண்டு அதிகமாகவே வைத்தேன்.

அப்படித் தயாராகிப் போன நான்தான் தண்ணீரில் நின்று ‘இல்லை’ என்றேன். அந்தக் கேள்வியை யாராவது என்னிடம் நிஜமாகவே கேட்பார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை. கேட்டுவிட்டார்கள், சித்தியும் பின்னால் இல்லை.

வேனில் பாட்டு இல்லை

கரையேறினேன். அங்கியில் ஈயம் கனத்தது. இவர் துண்டை நீட்டினார், முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

கும்பளங்கியிலிருந்து மட்டாஞ்சேரி வரை சபை வேனில் பாடிக்கொண்டே வருவது வழக்கம். அன்று எஞ்சின் சத்தம் மட்டும்தான். அந்தோணி ஒருவர்தான் தலை துவட்டியபடி தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு வந்தார். முழுகி எழுந்தவர் முகம் அப்படித்தான் இருக்கும்போல என்று பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இவர் கத்துவார் என்று தயாராக இருந்தேன். எனக்கும் பதினெட்டுப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. அவர் கத்தவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

“எல்லாரும் பாத்துட்டாவ,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

குடித்துவிட்டு வந்து பாத்திரத்தை எறிந்த நாட்களில்கூட நான் இப்படிக் கலங்கியதில்லை. சொன்னது தப்பில்லை, சொன்ன இடம் தப்போ என்று மனசு அடித்துக்கொண்டது. இன்று பழையபடி ஷாப்புக்குப் போய்விடுவாரோ என்றும் பயந்தேன். அவர் எழுந்து செருப்பைப் போட்டபோது ஜன்னலில் நின்று எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்த்தேன். பாஸ்டர் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

மூப்பர் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டு வந்தாராம். இதைக்கூட அவர் என்னிடம் சொல்லவில்லை. பாஸ்டரின் மனைவி ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தபோது சொன்னார்.

“அவள வருத்தப்படுத்த வேண்டாம், அவ இருக்கபடி இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போனாரு,” என்றார்.

அடுத்த மாதம் வேறொருவர் மூப்பரானார். இவர் முதல் ஆளாக எழுந்து போய் அவருக்குக் கை கொடுத்தார்.

யாரும் தள்ளாத இரண்டு மாதம்

அதற்குப் பிறகு வேடிக்கையைக் கேளுங்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. “எப்ப சிஸ்டர்?” என்று துளைத்தவர்களெல்லாம் நான் வந்தால் மழையைப் பற்றிப் பேசினார்கள். இவர் விடிகாலைப் பிரசங்கத்தை நிறுத்திவிட்டார். தனியாக ஜெபித்துவிட்டு, சாயாவைக் குடித்துவிட்டு, வேலைக்குப் போய்விடுவார்.

எத்தனையோ வருடம் ஆசைப்பட்ட நிம்மதி. கிடைத்துவிட்டது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

தள்ளுவதற்கு ஆள் இருக்கும்வரை காலை ஊன்றி நிற்பதுதான் என் வேலையாக இருந்தது. தள்ளுகிறவர்கள் எல்லோரும் விலகிப் போன பிறகுதான் நான் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. தெரிந்ததும் எரிச்சலாக வந்தது. இதை முன்பே தெரிந்துகொண்டிருந்தால் ஒரு வேன் சவாரி மிச்சம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. யாரோ ஒரு டீச்சரின் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கீழே லாரியிலிருந்து சாக்கு இறக்கும் சத்தம். எனக்கு அந்த முழுக்கு வேண்டும் என்று தோன்றியது. காட்சி ஒன்றும் தெரியவில்லை, குரல் ஒன்றும் கேட்கவில்லை. பசி எடுப்பது மாதிரி, வேண்டும் என்று தோன்றியது.

அன்றைக்கு நான் ‘இல்லை’ என்றது தங்கராஜுக்கு. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொருவரும் நின்றிருந்தார். நாற்பது நாள் பிள்ளையாக இருந்ததிலிருந்து என் திட்டையும் புலம்பலையும் கேட்டுக்கொண்டிருக்கிறவர். அவருக்கு நான் பதிலே சொல்லவில்லை. பாவம், அவரும் ஒருமுறைகூட என்னைக் கிள்ளவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. டீச்சரின் ஜாக்கெட்டில் ஒரு சொட்டு விழுந்து, பிறகு அதைத் தேய்த்துக் காயவைக்க வேண்டியதாயிற்று.

பாஸ்டருக்கு போன் செய்தேன். “நாளைக்குக் காலையில முங்கணும் பாஸ்டர்.”

“அடுத்த கூட்டத்துக்கு இன்னும் மூணு மாசம் இருக்கே சிஸ்டர்.”

“நாளைக்கு.”

“பிரதருக்குத் தெரியுமா?”

“தெரியாது. நீங்களும் சொல்லக் கூடாது.”

“பத்து மணிக்கு வந்திருங்க,” என்றார்.

தண்ணீரைக் கேட்கவில்லை

சொந்த விருப்பம், சொந்த விருப்பம் என்று துள்ளிக்கொண்டு போனேனே தவிர, காயலின் விருப்பத்தைக் கேட்கவில்லை. மற்ற தடவைகளில் சபை என்றைக்கு வர வேண்டும் என்று வர்க்கி சேட்டன்தான் நாள் பார்த்துச் சொல்வார். அவர் வீட்டுக்குப் பின்னால்தான் நாங்கள் இறங்குவது. கடல் ஏறும் நேரம் காயலும் ஏறும், அது வேலியேற்றம். கடல் இறங்கினால் காயலும் இறங்கிவிடும். படகு ஏறிப் பழகிய மட்டாஞ்சேரிக்காரிக்கு இது தெரியாதா? தெரியும். ஞாபகம் இல்லை.

பஸ் இறங்கி, அங்கியைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனால், தண்ணீர் எங்கேயோ தூரத்தில் இருந்தது. இந்தப் பக்கம் முழுக்கக் கறுப்புச் சேறு. கொக்குகள் நடந்துகொண்டிருந்தன. ஸ்கூட்டரில் வந்திருந்த பாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிதாபமாக நின்றார்.

வர்க்கி சேட்டன் வலையைத் தோளில் போட்டபடி வரப்பில் வந்தார். “எந்தா சேச்சி, இப்போ வேலியிறக்கம் அல்லே? வெள்ளம் இல்லா! மூணு மணிக்கூர் கழிஞ்ஞு வா!”

“காத்திருப்போமா சிஸ்டர்?” என்றார் பாஸ்டர்.

“இன்னும் மூணு மணி நேரம் யோசிச்சா நான் இன்னும் நாலு கேள்வி கேப்பேன் பாஸ்டர்.”

அதைக் கேட்டதும் அவர் முதலில் இறங்கினார்.

போகப் போக முழங்கால் அளவு தண்ணீர் கிடைத்தது. அதற்கு மேல் போனால் சேறு ஆளை விழுங்கும் என்று சேட்டன் கத்தினார். பாஸ்டர் தொண்டையைச் செருமி, அதே கேள்வியைத் தொடங்கினார். “யாருடைய கட்டாயமும் இல்லாமல்...”

“ஆமா!” என்றேன்.

“முழுசாக் கேட்டுட்டு சொல்லுங்க சிஸ்டர்.”

முழுசாகக் கேட்டார். ஆமென் என்றேன். முழங்கால் தண்ணீரில் நின்றபடி முழுக முடியாதே, அதனால் சேற்றில் உட்கார்ந்தேன், பிறகு படுத்தேன். பிள்ளையைக் குளிப்பாட்டுவது போல அவர் என்னை ஏந்தி உள்ளே அமிழ்த்தினார். காதுக்குள் குளுகுளுவென்று ஒரு சத்தம். கண்ணை இறுக மூடியிருந்தேன். ஒரு நொடிதான். அந்த நொடிக்குள் எனக்கு ஒருவர்மேலும் வருத்தம் இல்லை, சித்திமேல்கூட.

எழுந்திருக்கத்தான் முடியவில்லை. நாலு குண்டு அதிகம் வைத்திருந்தேன் என்று சொன்னேனே, அங்கியின் விளிம்பு மொத்தமும் சேற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பாஸ்டர் கையைப் பிடித்து இழுத்தார், அவரும் சறுக்கி உட்கார்ந்தார். கடைசியில் வர்க்கி சேட்டன் வலையைக் கரையில் போட்டுவிட்டு இறங்கி வந்து, இருவருமாகச் சேர்ந்து என்னைப் பிடுங்கி எடுத்தார்கள். “ஒரு சாக்கு அரி போலெ உண்டல்லோ சேச்சி!” என்றார் சேட்டன். அரிசி மூட்டை என்கிறாரே என்று நான் வாய்விட்டுச் சிரித்ததில் கொக்குகள் பறந்துவிட்டன.

கழுவலாம் என்று பார்த்தால் சேட்டன் வீட்டுப் பைப்பில் அன்று தண்ணீர் வரவில்லை. கும்பளங்கியில் நாலு பக்கமும் தண்ணீர்தான், பைப்பில் மட்டும் கிடையாது. பாஸ்டர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். சேறும் சகதியுமாகப் பாஸ்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பஜார் வழியாகப் போனால் அதற்கு வேறொரு கதை கட்டுவார்கள். வேண்டாம் என்று அங்கியின் மேலேயே சேலையைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

“சேச்சி, இரிக்கண்டா கேட்டோ, நின்னா மதி,” என்றார் கண்டக்டர், சீட்டுக்கு அழுக்குப் படுமே என்று. நின்றுகொண்டே வந்தேன். தோப்பும்படி ஸ்டாப் தாண்டும்வரை பஸ்ஸில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

அவர் வீட்டில் இருந்தார்

அன்று லோடு இல்லை. இவர் மதியமே வந்து என் கட்டிங் பலகையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார்.

“ஏட்டி, என்ன இது? ஓடையில விழுந்துட்டியா?”

“இல்ல. முங்கிட்டு வாரேன்.”

“எங்க?”

“கும்பளங்கில. பாஸ்டர் முக்குனாரு. வர்க்கி சேட்டன் சாட்சி.”

அவர் முகத்தில் முதலில் ஒரு வெளிச்சம் வந்தது. “ஸ்தோத்திரம்” என்று உதடு அசைந்தது. பிறகு அந்த முகம் அப்படியே சுருங்கிப் போயிற்று.

“நான் வந்திருப்பேன்லா. துண்டாவது பிடிச்சிருப்பேன்லா.”

“நீங்க வந்தா, நீங்க கூட்டிட்டுப் போனதா ஆயிரும்.”

“அதுக்காக? இருவத்தாறு வருசம் உன் கூட இருக்கேன். எவ்வளவு பெரிய காரியம் இது. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு உனக்குத் தோணலியா?”

சேறு காய்ந்து கன்னத்தில் இழுத்தது. அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சொன்னது அவர் காதிலேயே விழக் கொஞ்ச நேரம் பிடித்தது. திறந்த வாய் திறந்தபடி நின்றது. மெதுவாகத் திரும்பவும் பலகையில் உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. ஐயோ, அழுகிறாரே என்று கிட்டே போனேன். சிரிக்கிறார் மனுஷன். சத்தம் வராமல், கண்ணில் தண்ணீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். எனக்கும் பற்றிக்கொண்டது. கீழ்வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து பார்க்கும்வரை இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து அடுக்களைப் பக்கம் போனார். வாசலில் நின்று திரும்பினார்.

“செல்வி, குளிக்க வெந்நி போடட்டுமா? இல்ல பச்சத் தண்ணியே போதுமா?”

கேட்டுவிட்டு அங்கேயே நின்றார். அடுப்பைப் பற்றவைக்கப் போகவில்லை. நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரம் யோசித்தேன்.

“வெந்நி,” என்றேன்.